பாட்டுப்பெட்டி முதல் ஒலிப்பட்டை வரை

பினாங்குத் தமிழர் இல்லங்களில் செவிக்கருவிகள் வளர்ந்த வரலாறு

ஆடலும் பாடலும் நிகழ்தற்குரிய அரங்கின் அளவைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை வரையறுத்துக் கூறுவதைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவர். 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலமும், 8 கோல் நீளமும், 1 கோல் உயரமும் உடையதாய் அவ்வரங்கு அமைய வேண்டும். தளத்துக்கும் மேலே கிடக்கும் உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல் வெளி இருக்க வேண்டும் என்பது அந்நூல் தரும் இலக்கணம். கலைஞர், கருவி, இடம் ஆகிய மூன்றும் இசைந்தாலன்றிக் கலை செவ்விதின் அமையாது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அந்த அரங்கு இன்று நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. தொலைக்காட்சித் திரையின் கீழே நீண்டு கிடக்கும் மெல்லிய ஒலிபெருக்கி ஒன்றைக் கடைகளில் ‘சவுண்ட்பார்’ என்று விற்கிறார்கள். தமிழில் இதனை ஒலிப்பட்டை என்று வழங்குவது பொருந்தும். இதனை வாங்க விரும்புவோர் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட்டுக் கணக்கைப் பார்க்கிறார்கள். கடைக்காரர் முழக்கிக் காட்டும் வெடியோசையைக் கேட்டு வியக்கிறார்கள். விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். சில நாள் சென்றபின், “செய்தி வாசிப்பது விளங்கவில்லையே” என்று வீட்டுப் பெரியவர் சொல்லும்போதுதான் குறை புலனாகிறது.

ஆதலின் ஒலிப்பட்டையை எவ்வாறு மதிப்பிடுவது என்ற வினா வெறும் கடைத்தெரு வினா அன்று. நூறாண்டுக்கு மேலாக ஒன்றன்பின் ஒன்றாகச் செவிக்கருவிகளை வரவேற்ற பினாங்கு மாநகரின் வரலாற்றை நோக்கினால் அதற்கு விடை கிடைக்கும்.

ழகரம் என்னும் உரைகல்

வரலாற்றில் புகுமுன் ஒலியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். நொடிக்கு 20 முதல் 20,000 வரை உள்ள அதிர்வுகளை இளமைச் செவி கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் கும்மென்ற ஓசை நொடிக்கு 100 அதிர்வை ஒட்டிய தாழ்ந்த பகுதியைச் சார்ந்தது. சகர ஒலியில் வரும் சீறல் 4,000க்கு மேற்பட்ட உயர்ந்த பகுதியைச் சார்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் கிடக்கும் நடுப்பகுதியில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது.

லகர ளகர ழகரங்களை எடுத்துக்கொள்வோம். ‘வலி’, ‘வளி’, ‘வழி’ என்னும் மூன்று சொற்களுக்கும் அடியோசை ஒன்றே. அவற்றை வேறு பிரித்துக் காட்டுவன ஏறத்தாழ 1,500க்கும் 3,000க்கும் இடைப்பட்ட அதிர்வுகளே. நுனிநா மேல்நோக்கி வளையும்போது வாயின் உட்குழிவு வடிவு மாறுகிறது; அம்மாற்றமே இந்தப் பகுதியில் ஒலிவலிமையைக் கூட்டியும் குறைத்தும் ழகரத்தைத் தனியே காட்டுகிறது. இப்பகுதியை மழுங்கடிக்கும் கருவி எத்துணை உரக்க ஒலித்தாலும் தமிழுக்கு ஆகாத கருவியே. இவ்வுரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு பினாங்கின் பழைய கருவிகளை உரைத்துப் பார்ப்போம்.

சாவி கொடுத்த பெட்டி

தென்கிழக்காசியாவில் இசைத்தட்டுப் பதிவு 1903இல் தொடங்கிற்று. கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கைஸ்பர்க், கல்கத்தாவில் 1902இல் கௌஹர் ஜான் முதலியோரின் குரலைப் பதிந்துவிட்டுக் கிழக்கு நோக்கி வந்து சிங்கப்பூரிலும் பதிவு செய்தார். பதிந்தவை ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டுகளாய்த் திரும்பின. 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு வார்க்கும் ஆலை ஏற்பட்டது. அதன்பின் இந்திய இசைத்தட்டுகள் பெருகின. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு வந்த கப்பல்களே, பிற்காலத்து ‘இராஜுலா’ உட்பட, இத்தீவுத் தமிழருக்குத் தாயகத்துப் பொருள்களைக் கொணர்ந்தவை.

அக்காலப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. சாவி கொடுத்தால் வில் சுழலும். ஊசி தட்டின் வரியைத் தடவும். அதன் நடுக்கத்தைக் குழல் பெரிதாக்கித் தரும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். பாடகர் தம் ஆலாபனையை அதற்குள் அடக்கியாக வேண்டும்.

மின்முறைப் பதிவு 1925இல் வருமுன், பாடுவோர் ஒரு பெரிய ஊதலுக்கு நேரே நின்று உரக்கப் பாடினர். அம்முறையில் 2,000 அல்லது 2,500 அதிர்வுக்கு மேற்பட்டவை தட்டில் ஏறுவது அரிது. தாழ்ந்த ஓசைகளும் ஏறமாட்டா. பழந்தட்டுகளில் பாட்டின் மெட்டு விளங்கியும் சொல் விளங்காமற் போவதன் காரணம் இதுவே. ழகரத்தின் இருப்பிடத்தில் பாதியை அந்த ஊதல் வெட்டிவிட்டது. ஒலிவாங்கி வந்தபின் வரம்பு 5,000 வரை உயர்ந்தது. எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், இருபத்தேழாம் அகவையிலேயே மறைந்தார். ஆயினும் அவர் குரலும் கே. பி. சுந்தராம்பாள் குரலும் சொல் தெளிவோடு நமக்குக் கிடைத்திருப்பதற்கு, அவர்தம் கலையோடு காலமும் துணை நின்றது.

நான்கு மொழி பேசிய வானொலி

மலாயாவில் வானொலி ஆர்வலர் சங்கங்கள் 1920களில் தோன்றின. ஜொகூரில் முதலிலும், பின்னர்க் கோலாலம்பூரிலும் அவை ஒலிபரப்பு முயற்சிகளை மேற்கொண்டன. பினாங்கு வானொலிச் சங்கம் 1934இல் ஒலிபரப்பத் தொடங்கியது. அது மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பிற்று. சென்னையில் அகில இந்திய வானொலியின் நிலையம் 1938லும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939லும் தொடங்கின என்பதை நினைவுகூர்ந்தால், இத்தீவில் வானலையில் தமிழ் கேட்டது எத்துணை முற்பட்டது என்பது புலனாகும். 1816இல் பினாங்குத் தனிப்பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கொண்டாடும் நாம், இந்த 1934ஆம் ஆண்டையும் மறவாமல் குறித்து வைக்கலாம்.

இசைத்தட்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொன்னது. வானொலியோ நாள்தோறும் புதுச் சொல்லைக் கொண்டுவந்தது. மெட்டை முன்னமே அறிந்தவன் சொல்லின் குறையை நினைவால் நிரப்பிக்கொள்வான். செய்தியை அவ்வாறு நிரப்பிக்கொள்ள இயலாது. ஆகவே கருவியின் தெளிவு அன்று முதல் இன்றியமையாததாயிற்று.

மெல்லக் கேட்ட காலம்

1941 டிசம்பரில் போர் வந்தது. 19ஆம் நாள் ஜப்பானியர் பினாங்கினுள் புகுந்தனர். பின்வாங்கிய ஆங்கிலேயர் வானொலி நிலையத்தை அழியாமல் விட்டுச் சென்றமையால், அதனைக் கொண்டே ஜப்பானியர் தம் பிரசாரத்தை ஒலிபரப்பினர். பகைவர் வானொலியைக் கேட்பது கொடுங்குற்றமாயிற்று.

அந்நாளில் ஈப்போவை அடுத்த பாப்பான் என்னும் சிற்றூரில், இலங்கைத் தமிழ் மருத்துவர் ஒருவரின் மனைவியான சிபில் கார்த்திகேசு அம்மையார், சிற்றலை வானொலியொன்றை மறைத்து வைத்து வெளியுலகச் செய்தியைக் கேட்டு வந்தார். எதிர்ப்புப் படையினருக்கு மருத்துவ உதவியும் செய்தார். 1943இல் கைதாகிச் சொல்லொணாத் துன்புறுத்தலுக்கு ஆளானார். போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர் 1948இல் காலமானார். ஓர் அறைக்குள், அண்டை வீட்டுக்கும் கேளாத அளவில், காதருகே ஒலித்த சொல்லுக்காக ஒருவர் உயிரையே பணயம் வைத்தார் என்பது எண்ணுந்தோறும் உள்ளத்தை உருக்குவதாம். மெல்ல ஒலிக்கும்போதும் விளங்குவதே கருவியின் முதற்சிறப்பு என்னும் பாடமும் அதில் அடங்கியிருக்கிறது.

அஞ்சடியும் கம்பி வானொலியும்

போர் முடிந்து 1946 ஏப்ரல் முதல் நாள் சிங்கப்பூரில் மலாயா வானொலி அமைந்தது. 1949 முதல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும், பின்னர்ப் பினாங்கிலும் ‘ரெடிபியூஷன்’ என்னும் கம்பி வானொலி வந்தது. மாதக் கட்டணம் செலுத்தினால் வீட்டுக்குக் கம்பி இழுத்து ஒரு சிறு பெட்டி பொருத்துவார்கள். அலைவரிசையைத் தேட வேண்டியதில்லை. இடியும் மழையும் இரைச்சல் செய்வதில்லை.

ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளைப் பார்த்தவர்க்கு அவற்றின் அமைப்புத் தெரியும். முகப்பு குறுகியது, உள்ளே செல்லச் செல்ல நீளம், நடுவில் வானம் தெரியும் முற்றம், முன்னால் ஐந்தடி நடைவழி. இவ்வழியை நம் மக்கள் ‘அஞ்சடி’ என்பர். ஒரு கடையில் பாடும் பெட்டி அஞ்சடி நெடுகக் கேட்கும். இன்றும் மார்க்கெட் வீதி, குயின் வீதி, பினாங்கு வீதி ஆகியவற்றில் நடப்போரை இசைக்கடை ஒலிபெருக்கிகள் எதிர்கொள்கின்றன. வீதியை அழைக்க வேண்டிய அந்த ஒலிபெருக்கிக்கு முழக்கம் தேவை. வீட்டுக் கூடத்துக்கு வேண்டியது வேறு. வீதிக்குரிய அளவுகோலை வீட்டுக்குள் கொண்டுவருவதே இன்றைய வாங்குவோர் செய்யும் பிழைக்கு மூலம்.

படம் பெருத்தது, ஒலி சிறுத்தது

மலேசியத் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் நாள் கோலாலம்பூரில் தொடங்கிப் பிற பகுதிகளுக்குப் பரவிற்று. 1978இல் வண்ணம் வந்தது. பழைய தொலைக்காட்சிப் பெட்டி பருமனானது, மரக்கூட்டில் அமைந்தது. திரையின் பக்கத்தில் ஒலிபெருக்கி கேட்போர் முகத்தை நோக்கியே இருந்தது. படம் சிறிதாயினும் சொல் நேரே வந்தது.

அதே 1978இல் வெளிவந்த ‘பிரியா’ படத்தின் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோ முறையில் பதிந்தார். வலமும் இடமும் வேறு வேறு ஒலி தந்து, இசைக்கருவிகள் எதிரே விரிந்து நிற்பதுபோல் உணரச் செய்யும் இம்முறைக்கு, ஆங்கிலப் பொறியியலர் அலன் பிளம்லைன் 1931லேயே உரிமை கோரியிருந்தார். இது செவ்வனே அமைய, கேட்போரும் இரு ஒலிபெருக்கிகளும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருத்தல் நன்று. கேட்போர்க்கும் பெட்டிகளுக்கும் இடைப்பட்ட கோணம் 60 பாகை ஆகும்.

பினாங்கு இக்கருவிகளைக் கேட்டதோடு நில்லாமல் செய்தும் கொடுத்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையிலா வாணிக வட்டாரம் உருவானபோது முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் ஒன்றான கிளாரியன், கார்களுக்குரிய வானொலிப் பெட்டிகளைச் செய்தது. அவ்வட்டார ஆலைகளில் பணிபுரிந்தவருள் நம்மவரும் பலர்.

பின்னர்த் தட்டைத் திரைகள் வந்தன. படம் பெருத்தது, பெட்டி மெலிந்தது. ஒலிபெருக்கி சிறுத்து, கீழ்நோக்கியோ பின்நோக்கியோ திரும்பியது. சொல் சுவரில் பட்டுச் சிதறி வருகிறது. 2019 அக்டோபரில் நாடு முழுவதும் பழைய அலைமுறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு எண்முறை நிலைபெற்றது. அனுப்பும் ஒலி முன்னினும் தூயதாயிற்று. வீட்டில் கேட்கும் ஒலி முன்னினும் குறைவுடையதாயிற்று. இம்முரண்பாட்டைத் தீர்க்கவே ஒலிப்பட்டை பெருவழக்காயிற்று. இதுவே அதன் வரலாற்றுக் காரணம் என்றால், அதனை அளக்கும் கோலும் இதுவே.

ஒலிப்பட்டையை மதிப்பிடும் முறை

முதலாவது, சொல்லைக் கேளுங்கள். தமிழ்ச் செய்தி வாசிப்பு ஒன்றை மிகக் குறைந்த ஒலியில் வைத்து, அறையின் மறுகோடியில் அமர்ந்து, லகர ளகர ழகரங்களும் னகர ணகரங்களும் பிரிந்து கேட்கின்றனவா என்று பாருங்கள். முதுமையில் உயர்ந்த அதிர்வுகளை உணரும் ஆற்றலே முதலிற் குறைகிறது. ஆகையால் வீட்டில் மூத்தவர் எவரோ அவரையே நடுவராக அமர்த்துங்கள். தனியே நடு ஒலிபெருக்கி உடைய பட்டை இச்சோதனையில் பெரும்பாலும் மேம்பட்டு நிற்கும்.

இரண்டாவது, வாட்டுக் கணக்கில் மயங்காதீர்கள். ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்லே கூடும். செவிக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். 100 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு விலையில் தெரியும் அளவு காதில் தெரியாது.

மூன்றாவது, தாழ்ந்த ஓசையைப் பற்றியது. அதிர்வெண் பாதியாகும்போது அதே உரப்பைத் தர ஒலிபெருக்கித் தாள் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். மெல்லிய பட்டைக்குள் இருக்கும் சிறு தாள்களால் இஃது இயலாது. தவிலும் மிருதங்கமும் அவற்றின் கனத்தோடு கேட்க வேண்டுமாயின் தனித் தாழொலிப் பெட்டி வேண்டும். ஆனால் அதனை மூலையில் தள்ளி வைத்தால் ஓசை மிகுந்து சொல்லை மூடும். ஐந்து மீட்டர் இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே 35, 70, 105 ஆகிய அதிர்வுகள் தங்கி நின்று முழங்கும். பெட்டியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, மிருதங்கத்தின் ஒவ்வோர் அடியும் தனித்தனியே கேட்கும் இடத்தைக் கண்டறிய வேண்டும். பொதுச்சுவரால் அடுத்த வீட்டோடு ஒட்டிய கடைவீட்டிலும், அடுக்குமாடி வீட்டிலும், இரவில் தாழொலியைக் குறைக்கும் வசதி இன்றியமையாதது. சுவரைத் தாண்டுவது தாழ்ந்த ஓசையே.

நான்காவது, விரிவைப் பற்றியது. 90 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டையை 3 மீட்டர் தொலைவிலிருந்து கேட்டால் கிடைக்கும் கோணம் 17 பாகைதான். முன்னே சொன்ன 60 பாகை எங்கே, இந்த 17 எங்கே! சில பட்டைகள் பக்கச் சுவரிலும் கூரையிலும் ஒலியை மோதவிட்டு இக்குறையை ஈடு செய்ய முயல்கின்றன. 2012இல் திரையரங்குக்கும் 2014இல் வீட்டுக்கும் வந்த டால்பி அட்மாஸ் முறையில் மேலிருந்து ஒலி வருவதாகத் தோன்றச் செய்வதும் இவ்வழியே. சமதளமான கூரையுள்ள புது வீட்டில் இது ஓரளவு பலிக்கும். உத்தரங்கள் குறுக்கிட்ட பழைய பலகைக் கூரையிலும், ஓட்டுச் சரிவிலும், திறந்த முற்றத்தின் அருகிலும் பலிக்காது. அத்தகைய வீட்டார் அதற்கெனக் கூடுதல் விலை கொடுப்பது வீண். இசை கேட்பதே முதல் நோக்கம் எனில், அதே விலைக்குத் தனித்தனி இரு ஒலிபெருக்கிகள் வாங்கி அகற்றி வைப்பதே சிறப்பு.

ஐந்தாவது, பழைய பாட்டைக் கேளுங்கள். கிட்டப்பா காலத்துப் பதிவு ஒற்றை ஒலியாக அமைந்தது. அதனைச் செயற்கையாக விரித்துக் காட்டும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டால், குரல் பட்டையின் நடுவில் ஊன்றி நிற்க வேண்டும். அந்த ஏற்பாட்டை நிறுத்தவே இயலாத கருவியை ஒதுக்கிவிடலாம்.

ஆறாவது, இணைப்பு. தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ ஆர்க் என்னும் துளை உண்டா என்று முன்னரே பாருங்கள். 2009இல் வந்த இம்முறையால் ஒரே கம்பியில் ஒலி செல்லும். ஒரே கைக்கருவியால் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். இதழசைவும் சொல்லும் ஒன்றுபடுகின்றனவா என்பதையும் செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளலாம்.

இறுதியாக, அறையைச் செப்பனிடுங்கள். வழுவழுப்பான தரையும் வெறுஞ்சுவரும் சொல்லை எதிரொலித்துக் குழப்பும். ஒரு கம்பளம், கனத்த திரைச்சீலை, நூல்கள் நிறைந்த அலமாரி ஆகியவை எதிரொலியை உண்டு சொல்லைத் தெளிவாக்கும். புத்தக அலமாரியால் செவிக்கும் நன்மை உண்டு என்பது தமிழாசிரியர்க்கு இனிய செய்தியன்றோ?

முடிவுரை

சாவி கொடுத்த பெட்டி ழகரத்தைப் பாதியளவே தந்தது. ஒலிவாங்கி வந்து அதனை மீட்டது. 1934இல் இத்தீவின் வானொலி அதனை வானில் ஏற்றிற்று. போர்க்காலத்தில் ஒருவர் அதனைக் காதோடு காதாகக் காத்தார். மெலிந்த திரையோ அதனை மீண்டும் சுவருக்குப் பின்னால் தள்ளியது. இந்நாட்டில் தமிழ்ப்பள்ளிக்கு வெளியே திருந்திய தமிழொலியைக் குழந்தைகள் நாளும் கேட்கும் இடம் வீட்டுக் கூடமே. அங்கே ஒலிக்கும் தமிழ் மழுங்கியிருந்தால் வகுப்பறையில் ஆசிரியர் படும் பாடு இரட்டிக்கும்.

ஆகவே ஒலிப்பட்டை வாங்கச் செல்வோர் கடைக்காரர் முழக்கிக் காட்டும் சண்டைக் காட்சியைக் கேட்டு மயங்க வேண்டா. “ஒலியைக் குறைத்துச் செய்தி போடுங்கள்” என்று கேளுங்கள். அருகில் நிற்கும் பாட்டியையும் பேரனையும் நோக்குங்கள். இருவர்க்கும் சொல் விளங்கினால் அக்கருவி வீட்டுக்கு வரத் தக்கது.